தூங்காத மாணவி

எண்பதைத் தொட்டு மூன்று வாரம் அங்கேயே நின்றால் மெர்லினின் இருக்கை போய்விடும். அன்று காலை அவள் எழுபத்தொன்றில் இருந்தாள்.

ஜெசிந்தா இட்லித் தட்டோடு வந்தபோது மகள் டேப்பின் மேலேயே கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே இப்படிக் கருவளையம் விழுமா என்ன? திரையின் மேல் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அந்த வரி நின்றது. பின்தங்கும் வாய்ப்பு: 71. போன ஞாயிறு அறுபத்தாறு, அதற்கு முந்தைய ஞாயிறு அறுபது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதைப் பார்ப்பதுபோல இரண்டு மாதமாக ஜெசிந்தா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டு எழுப்பினாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாடம் ஓடும்போது கண் மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணில் ஏறும்.

பள்ளிக் கட்டடங்களில் பதினோராம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் மூடி ஆறு வருடமாகிறது. இப்போது எல்லாம் திரையில்தான். மாநிலம் முழுக்க நாற்பதாயிரம் இருக்கைகள். வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இத்தனை பேர் காத்திருக்கும்போது படிக்காத பிள்ளை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக வந்ததுதான் கணிப்பான். திரையில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதும் அதுதான். பிள்ளை எந்த இடத்தில் நிறுத்துகிறது, எதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது, ஒரு கேள்விக்கு எத்தனை நொடி யோசிக்கிறது, கண் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் பார்த்து, இந்தப் பிள்ளை தேறுமா தேறாதா என்று பரீட்சைக்கு ஒரு வருடம் முன்பே சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவும் சொல்லும். அதுதான் வயிற்றெரிச்சல்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அந்தக் கணிப்பானை வளர்க்கும் ‘கல்விக்கரை’ நிறுவனத்தில்தான் ஜெசிந்தாவுக்கு ஆராய்ச்சி வேலை, பதினோரு வருடமாக. தூத்துக்குடியிலிருந்து வந்தவள். கணவன் அந்தோணி கப்பலில் இருந்தான். வருடத்தில் எட்டு மாதம் வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான்.

மெர்லின் சோம்பேறிப் பெண் இல்லை. ஜூனில் சேர்ந்தபோது அவளுடைய எண் இருபத்திரண்டு. ஆகஸ்டில் புதிய பாடமுறை வந்தது. ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து முறை, ஐந்து வேறு வேகத்தில், நாளின் ஐந்து வேறு பொழுதில் படிக்கவேண்டும். அதிகாலை நாலரைக்கு டேப் மணியடிக்கும். எழுந்து பார்த்தால், ‘உன்னைப் போன்ற ஒருவர் இதே பாடத்தை இப்போது நான்காம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரு வரி வரும். அந்த ஒருவரைத் துரத்தித் துரத்தியே மெர்லின் நொந்துபோனாள்.

அந்த ஒருவர் யாரென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவளைக் கண்டுபிடித்ததே ஜெசிந்தாதான்.

போன வருடம் நாற்பதாயிரம் பிள்ளைகளின் வரைபடங்களில் ஒன்று மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. எண் 7031. பெயரோ ஊரோ இல்லை, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதெல்லாம் காட்டமாட்டார்கள். ஒரு நாளில் பத்தொன்பது மணி நேரம் விழித்திருந்து படிக்கும் பிள்ளை அது. ஒரு பாடத்தை முதல்முறை தட்டுத்தடுமாறிப் படிக்கும், சில மணி நேரம் கழித்து வந்து அதையே விறுவிறுவென்று முடிக்கும், மூன்றாம் முறை யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கும். ஐந்து முறை வந்தபின் அந்தப் பாடத்தில் எதைக் கேட்டாலும் தப்பாது. ஜெசிந்தா அசந்துபோய் இருபது பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். ‘ஐந்து முறை அணுகுதல்’ என்று தலைப்பும் அவளே வைத்தாள். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 7031-க்குச் சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடப் பூஜைக்குச் சர்வர் அறைக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, சரஸ்வதியின் வரைபடத்தையும் அச்சடித்துப் பக்கத்தில் சாய்த்து வைத்து அதற்கும் பொட்டு வைத்தார்கள். ஜெசிந்தா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளும் ஒரு கை பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் குறிப்புதான் இந்த ஆகஸ்டில் நாற்பதாயிரம் பிள்ளைகளின் நாலரை மணியானது.

மெர்லினின் எண் எழுபத்தொன்றான அன்று ஜெசிந்தா அலுவலகம் போனதும் மேலாளர் பத்ரியின் அறைக்குப் போனாள். பத்ரி நல்ல மனிதர். கத்தமாட்டார், குத்திக்காட்டமாட்டார், பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறவர். பாடமுறை கடுமையாக இருக்கிறது, பிள்ளைகள் தாங்கவில்லை என்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "முடியாததுன்னா சரஸ்வதியால எப்படி முடியுது ஜெசிந்தா?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். வந்த கோபத்தில், இந்தச் சரஸ்வதி அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடலாம் என 7031 கணிப்பானிடம் தட்டச்சு செய்த கேள்விகளை எடுத்தாள். சுத்தம் செய்த பிரதியை இல்லை, கைபடாத பிரதியை.

நம் பிள்ளைகள் இயந்திரத்திடம் பேசினாலும் சும்மா பேசாது. சார் என்று தொடங்கி மேடம் என்று முடிக்கும். அந்த மரியாதைச் சொற்களெல்லாம் ஆராய்ச்சிக்கு வெறும் இரைச்சல். அவற்றைத் தானாக உருவி எறிய நாலு வருடத்துக்கு முன்பு பதினொரு வரியில் ஒரு விதி எழுதிப் போட்டதும் ஜெசிந்தாவேதான். அந்த விதிக்கு முந்தைய பிரதியை அதற்குப் பிறகு யாரும் திறந்ததே இல்லை.

காலை ஆறரைக்குச் சரஸ்வதி கேட்டிருந்தாள்: ‘சார் ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு சார்’. பத்து மணிக்கு: ‘டீச்சர் கோவிச்சுக்காதீங்க டீச்சர் இன்னொரு தடவை சொல்லுங்க’. பிற்பகலில்: ‘அண்ணா, எங்க ஸ்பிண்டில் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுத்து சுத்துது, அப்ப அதோட கோணத் திசைவேகம் எவ்ளோண்ணா’. சாயங்காலம் ‘மிஸ்’. அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் எந்த விளிப்பும் இல்லை. கடைக்காரனிடம் சாமான் கேட்பதுபோல நேராகக் கேள்வி மட்டும்.

அடுத்த நாளும் அதே ஐந்து. அதற்கடுத்த நாளும். ஒரே பிள்ளை ஒரு இயந்திரத்தைக் காலையில் சார் என்றும் மதியம் அண்ணன் என்றும் கூப்பிடுமா? சரஸ்வதி ஒருத்தி இல்லை, ஐந்து பேர்.

கண்டுபிடிக்காமல் போனதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. பாடத்தின்போது கேமரா கண்ணை மட்டும்தான் பார்க்கும், முழு முகத்தைச் சரிபார்ப்பது பரீட்சையன்றுதான். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பதினொரு வரி.

ஸ்பிண்டில் என்றால் நூல் நூற்கும் கதிர். அந்தத் துப்பை வைத்து அரசு வெளியிட்ட தொழிலாளர் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் புரட்டியதில், 7031 பல்லடம் பக்கத்து நூற்பாலை விடுதி ஒன்றில் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்குப் போன இருக்கை என்று தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பார்வையாளர் நேரத்துக்குப் போனாள். வார்டன் அம்மாள் பதிவேட்டை நீட்டினாள். உறவு என்ற கட்டத்தில் ஜெசிந்தா ஒரு கணம் யோசித்து ‘அக்கா’ என்று எழுதினாள்.

பேச்சியம்மாள் வந்தாள். ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தாள் போல, தலையில் துணித் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய முகமறைப்பு, புருவத்திலெல்லாம் பஞ்சு. கண் மட்டும் தெரிந்தது. விருதுநகர் பக்கத்துப் பெண், இருபத்தொரு வயது. ஜெசிந்தா யாரென்று சொன்னதும் அந்தக் கண்ணில் வந்த பயத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உன் இருக்கையைப் பிடுங்க வரவில்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்த பிறகுதான் அவள் மற்ற நாலு பேரையும் கூப்பிட்டாள். தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப்போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முனீஸ்வரி, கற்பகம், சித்ரகலா, லூர்து. யார் சார், யார் அண்ணா என்று ஜெசிந்தா மனத்துக்குள் பொருத்திப் பார்த்துக்கொண்டாள்.

அறைக்கு ஒரு போன்தான் அனுமதி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கை மாறும். காலையில் ஒருத்தி படித்ததை, புரிந்தது இது புரியாதது இது என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அடுத்து வருகிறவள் அதைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். பேச்சியம்மாள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். ஜெசிந்தா இருபது பக்கம் எழுதிய அதிசயம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"பரீட்சை யார் எழுதப்போறீங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ரூமுக்கு ஒரு இடம்னுதான் குடுத்தாங்கக்கா. நாங்க அஞ்சு பேரு, அடிச்சுக்கிடவா முடியும்? நூல் கோன்ல ஒட்டுற தாள்ல பேரெழுதி எவர்சில்வர் டம்ளர்ல போட்டுக் குலுக்குனோம். என் பேரு வந்துச்சு."

"அப்ப மத்த நாலு பேரு?"

"படிப்பாங்க. பரீட்சை எழுத முடியாது, அம்புட்டுத்தான். படிச்சது படிச்சதுதானக்கா, அத யாரு புடுங்க முடியும்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். லூர்து மட்டும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். கணக்கில் ஐந்து பேரில் அவள்தான் கெட்டி என்று முனீஸ்வரி மெல்லச் சொன்னாள். எந்த விளிப்பும் இல்லாமல் நேராகக் கேள்வி கேட்டவள் அவள்தான் என்று ஜெசிந்தாவுக்கு அப்போது பட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் மெர்லினைத் துரத்தும் அந்த ஒருவர் ஒழிந்துபோவார், மெர்லின் தப்பிப்பாள். ஆனால் ஓர் இருக்கையில் ஒருவர்தான் படிக்கலாம் என்பது சட்டம். பேச்சியம்மாளின் இருக்கை அன்றைக்கே பறிபோகும், மார்ச்சில் பரீட்சை. சொல்லாமல் விட்டால் தன் பெண்ணும் அவளைப்போல நாற்பதாயிரம் பெண்களும் பையன்களும் இல்லாத ஒருத்தியைத் துரத்தி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எதைச் செய்தாலும் யார் வயிற்றிலோ அடிக்கவேண்டியிருந்தது.

கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நல்ல வழியாகத்தான் தோன்றியது. மறுநாள் பத்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இதை விதிமீறலாகப் பதியவேண்டாம், கணிப்பானுக்குள் ஒரு திருத்தம் மட்டும் போடுவோம், 7031 என்பது ஒருவர் அல்ல, ஐவர் என்று. கணிப்பான் தன் கணக்கை ஐந்தால் வகுத்துச் சரிசெய்துகொள்ளும், பிள்ளைகள் பிழைப்பார்கள், பேச்சியம்மாளும் பரீட்சை எழுதட்டும் என்று கெஞ்சினாள். பத்ரி சரி என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றும் சொன்னார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். அவர்மேல் குறை சொல்ல முடியாது.

திருத்தம் போடுவதென்றால் அதற்கொரு படிவம் உண்டு. ஐவரும் எப்படிப் படித்தார்கள், எப்படிக் கை மாற்றினார்கள், பரீட்சைக்குரியவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும். எதையும் விடாமல் எழுதியே பழகிய கை ஜெசிந்தாவுடையது. ஷிஃப்ட், நோட்டு, கோன் தாள், டம்ளர் எல்லாவற்றையும் எழுதினாள். லூர்து முகம் கழுவியதை மட்டும் எழுதவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

திருத்தம் போட்ட மூன்றாம் நாள் நாலரை மணி மணியோசை நின்றது. மெர்லின் ஏழு மணிவரை தூங்கினாள். எண் அறுபத்து மூன்றுக்கு இறங்கியது, கிறிஸ்துமஸுக்குள் நாற்பதுக்கு வந்தது. நட்சத்திர விளக்கை வாசலில் கட்டிவிட்டுத் தாயும் மகளும் போட்டி போட்டு முறுக்கு சுற்றினார்கள். அந்தோணி கப்பலிலிருந்து பேசும்போது, பிள்ளை குரலே தெளிஞ்சிருக்கே என்றான். நாம்தான் காப்பாற்றினோம் என்று ஜெசிந்தா யாரிடமும் சொல்லவில்லை. மனத்துக்குள் நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் பத்ரி அவளை அழைத்தார். முகம் பூரித்திருந்தது. கணிப்பான் ஒரு புதிய பரிந்துரை செய்திருக்கிறது என்றார்.

கணிப்பானுக்கு முதல் நாளிலிருந்தே கொடுக்கப்பட்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஓர் இருக்கையில் அதிகபட்சம் எவ்வளவு கல்வி விளையும்? ஜெசிந்தா போட்ட திருத்தத்தை எடுத்துக்கொண்டு அது கணக்கைத் திரும்பப் போட்டது. ஐந்தால் வகுத்தது உண்மைதான். ஆனால் வகுத்ததோடு நிற்கவில்லை. மாநிலத்தின் நாற்பதாயிரம் இருக்கைகளில் எது அதிகம் விளைந்த இருக்கை என்று பார்த்தது. 7031. ஏன் என்று பார்த்தது. ஐவர் இருந்ததால். அப்படியானால் எல்லா இருக்கையிலும் ஐவரை உட்காரவைத்தால் என்ன?

"காத்திருப்போர் பட்டியலே இருக்காது ஜெசிந்தா. ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பவேண்டாம். எல்லாரும் படிக்கலாம்." பத்ரி நடிக்கவில்லை. "பரீட்சை மட்டும் இருக்கைக்கு ஒருத்தர். அதை மாத்த முடியாது, பரீட்சை மையங்கள்ல நாற்பதாயிரம் இடம்தான்."

ஜெசிந்தா குறுக்கிட்டாள். "அவங்களுக்கு வேற வழியில்ல பத்ரி. அதனால பகிர்ந்துக்கிட்டாங்க. அது ஒரு பாடமுறை இல்ல, இல்லாமையோட கொடுமை."

"ஆனா அஞ்சு பேரும் நல்லாப் படிச்சாங்கன்னு நீங்கதானே எழுதினீங்க?"

எழுதியிருந்தாள்தான். வேறு வழி இல்லாததால் செய்தார்கள் என்பதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. வேலையை விடுகிறேன் என்றாள். பத்ரி வருத்தப்பட்டார், ஆனால் பரிந்துரை கல்வித்துறைக்குப் போய் ஒரு வாரமாகிறது என்றார். அவள் இருந்தாலும் போனாலும் அது நடக்கும். துறைக்கே நேரடியாகக் கடிதம் எழுதினாள், நாலு பக்கம், லூர்து முகம் கழுவியதையும் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘தங்கள் மேலான கருத்து கணிப்பானின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

யாரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பது? பக்கத்து வீட்டு ரமீஸாவின் மகன் இரண்டு வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்து, கடையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தான். ஜூனில் அவனுக்கும் இடம் கிடைத்தது. ரமீஸா கண்ணீரும் கேசரியுமாக வந்து நின்றாள். உங்க ஆபீஸுக்குப் புண்ணியமாப் போகும்க்கா என்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் போய் இது அநியாயம் என்று எந்த வாயால் சொல்வது? ஜெசிந்தா கேசரியை வாங்கிக்கொண்டாள். வேலையையும் விடவில்லை.

மே மாதம் பேச்சியம்மாளிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்திரண்டு. ‘நீங்க இல்லேன்னா இல்லக்கா’ என்று எழுதியிருந்தாள். மற்ற நாலு பேரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஜெசிந்தாவும் கேட்கவில்லை.

மெர்லினின் இருக்கைக்கு நாலு பேர் புதிதாக வந்தார்கள். திருச்செங்கோட்டில் ஒரு பெண், கம்பத்தில் ஒருத்தி, சீர்காழியில் இரட்டையர் இரண்டு பேர். சும்மா சொல்லக்கூடாது, ஐவரும் ஒட்டிக்கொண்டார்கள். மெர்லின் பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள். இயற்பியல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. தான் எழுதிவைத்த குறிப்பைப் படித்துக் கம்பத்துப் பெண் தேறினாள் என்று துள்ளிக்கொண்டு வந்து சொல்வாள். பின்தங்கும் வாய்ப்பு பதினெட்டு, பதினைந்து என்று பச்சை நிறத்தில் நின்றது. ஜெசிந்தா அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாமல் துக்கப்படவும் முடியாமல் அடுப்படியில் நின்றாள். பரீட்சைக்குப் பெயர் கேட்கும் ஜனவரி வரட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஐந்தில் ஒன்றுதானே, நம் பிள்ளை பெயர் வராமலா போய்விடும் என்று இன்னொரு மனம் சொன்னது. வந்தால் அந்த நாலு பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கும்போதே அந்த எண்ணத்தை விரட்டினாள்.

பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் நாள் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. மெர்லின் தலைக்குக் குளித்து, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டேப்பின் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் மூன்று சின்னச் சதுரங்களில் நாலு முகங்கள், இரட்டையர் ஒரே சதுரத்தில். ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

திரையின் நடுவில் ஒரு டம்ளர் வந்தது. எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் வெளிச்சம் பட்டு மினுங்குவதுகூட அச்சு அசலாக இருந்தது. உள்ளே ஐந்து துண்டுத் தாள்கள். யார் மனமும் புண்படாத தேர்வு முறை என்று கீழே எழுதியிருந்தது. ஜெசிந்தாவின் படிவத்திலிருந்து அது ஒரு பொருளையும் விடவில்லை. டம்ளர் தானாகக் குலுங்கியது, அந்தச் சலசல சத்தத்தோடு. ஒரு தாள் எகிறி வெளியே விழுந்து விரிந்தது.

சீர்காழி இரட்டையரில் மூத்தவளின் பெயர். அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை, பக்கத்தில் இருந்த தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மெர்லின் அவளுக்கு வாழ்த்துச் சொன்னாள். நிஜமாகவே சிரித்தபடி சொன்னாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கும் கையாட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். கதவோரம் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், அம்மாவைத்தான் தேற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"விடும்மா. படிச்சது படிச்சதுதானே. அத யாராலயும் புடுங்க முடியாதுல்ல?"

எங்கே கேட்டாள் இதை? யாரும் சொல்லித்தந்திருக்க முடியாது. மெர்லின் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

ஜெசிந்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்க் கதவைத் தட்டலாமா, தட்டி என்ன சொல்வது? கை பழக்கத்தில் டேப்பைத் தன் பக்கம் திருப்பியது. மெர்லினின் பக்கம் திறந்திருந்தது. பரீட்சைப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தொடர்ந்து படிக்கலாம், விரும்பும்வரை படிக்கலாம், தேறுவதா தோற்பதா என்ற கணக்கே அவர்களுக்குக் கிடையாது, அவர்களை இனி யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள் என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதற்கு மேலே, ஒன்றரை வருடமாக அவள் காலையில் கண் விழித்ததும் பார்க்கிற அந்த வரி, இதுவரை பார்த்திராத அடர்பச்சை நிறத்தில் இருந்தது.

பின்தங்கும் வாய்ப்பு: 0.